லாத்தா பிடித்த தண்டவாளம்

செம்பூர் வீட்டில் கணவர் மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும் வாசத்தில் எனக்கு நான் வளர்ந்த தாராவி அறை நினைவுக்கு வந்தது.

வாப்பா தகரப் பட்டறையிலிருந்து திரும்பியதும் பிராட்கேஜ் ரயில் எஞ்சின் ஒன்றைச் சின்னதாகச் செய்துகொண்டிருப்பார். அதற்கான தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள என் அக்காவை, லாத்தாவைத்தான் கூப்பிடுவார். விளக்கடியில் இருவர் தலையும் ஒட்டியிருக்கும்.

"நானும் பிடிக்கேன் வாப்பா."

"கை சுட்டுரும்ளா. தள்ளி உக்காரு."

எனக்கு வயிறு எரியும்.

கல்யாணமாகி முலுண்ட் போகும்போது லாத்தா, "நீயே வச்சுக்கோடி" என்று வாப்பா அவளுக்குக் கொடுத்திருந்த அந்த எஞ்சினை நீட்டினாள். நான் வாங்கவில்லை. வாப்பாவோடு அவள் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை யார் தருவார்கள்?

"இதைக் கொஞ்சம் பிடிம்மா" என்று கணவர் எங்கள் மகளைக் கூப்பிட்டார். அவள் எழுவதற்குள் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.