விலங்கியல் அலமாரியில் நான் ஒளித்த புத்தகம்

அந்த இழுப்பறையை இழுத்தாலே ஒரு வாசனை வரும். பழைய அட்டை, கோந்து, பாச்சை உருண்டை எல்லாம் கலந்த வாசனை... எங்கள் கல்லூரி நூலகத்தின் கார்டு கேட்டலாக்.

எழுபதுகளின் கடைசி. நான் பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருடம். கோம்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்ப் படித்தவன்.

கடைசி வருடம் எல்லோரும் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு, நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள். அதில் சிறந்ததை மட்டும் காலிகோ துணியில் பைண்டிங் செய்து நூலகத்தில் வைப்பார்கள். எழுதியவர் பெயரில் ஒரு கார்டு டைப் அடித்து அந்த இழுப்பறைக்குள் செருகுவார்கள். அதுவரை என் பெயரை டைப் எழுத்தில் நான் பார்த்தது ஹால் டிக்கெட்டில் மட்டும்தான். அந்த ஒரு கார்டுக்காக அப்படித் தவித்தேன்.

குறுக்கே வந்தவள் எஸ்தர். என் வகுப்புத்தான். போடி பஜாரில் அவள் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பின்னட்டை உறைக்குள் இருக்கும் சீட்டில் எனக்கு முந்தின பெயர் அவளுடையது. சாய்ந்த, அழகான கையெழுத்து. பார்த்ததும் வயிறு பற்றி எரியும். நூலகர் என்னைக் கண்டால் "என்னலே வேணும்?" என்பார். அவளைக் கண்டால் "வாம்மா, ஃபேனுக்குக் கீழ உக்காரு". இருந்ததே ஒரு ஃபேன்!

பொறாமைதான். இந்த வயதில் அதற்கு வேறு நல்ல பெயர் தேடி மழுப்ப எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் ஜில்லாவின் ஊர், மலை, ஜனம் எல்லாம் பற்றி வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய ஜில்லா புத்தகம் ஒன்று இருந்தது. தலையணை தடிமன், ஒரே பிரதி. வெளியே தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து, இங்கிலீஷ் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நோட்டு நிறைய எழுதினேன். ஐந்தாம் நாள் எஸ்தர் படியேறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன புத்தியோ... புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் விலங்கியல் அலமாரியில், தவளைப் படம் போட்ட புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"ஏப்பா, அந்தப் பெரிய புத்தகத்தப் பாத்தியா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"இல்லையே... சாருக யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாக."

இரண்டு வாரம் தேடினாள், பாவம். நூலகரும் கூடச் சேர்ந்து தேடினார். கடைசியில், "சரி விடு. ஊரு ஊராப் போயிக் கேட்டுக்கிறேன். அங்கன இருக்கிறவுகளுக்குத் தெரியாமலா போகும்?" என்று கிளம்பிவிட்டாள். வருசநாடு, மயிலாடும்பாறை என்று பஸ் ஏறி அலைந்தாள். ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டு எழுதுவதெல்லாம் ஆராய்ச்சியா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திருத்தி முடித்த அன்று பேராசிரியர் வகுப்பில் முதலில் எடுத்தது என் கட்டுரையை. ஜில்லா புத்தகத்தில் கோம்பை நாய் என்கிற எங்கள் ஊர் வேட்டை நாயைப் பற்றி நாலு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கோம்பைக்கு அந்தப் பெயர் வந்ததே நாயால்தான் என்று மூன்று பக்கம் விளாசியிருந்தேன்.

"ஏப்பா, ஊரால நாய்க்குப் பேரா, நாயால ஊருக்குப் பேரா? அங்கனயே பொறந்து வளந்தவன்தான நீ?"

வகுப்பே சிரித்தது. அடுத்து எஸ்தருடையதை எடுத்து வாசித்தார்.

"'மலை வளைஞ்சு உள்ள போற எடமெல்லாம் கோம்பைதான் ஆத்தா. எங்க ஊருக்கு மட்டுமா அந்தப் பேரு? ஆடு மேய்க்கிறவுக ஒவ்வொரு கோம்பைக்கும் தனித்தனியாப் பேரு வச்சிருக்காக.' சொன்னவர், பேச்சியம்மாள், கோம்பை."

பேச்சியம்மாள் என் அம்மா.

வகுப்பு முடிந்ததும் எஸ்தர் என்னிடம் ஓடி வந்தாள். "நீ இல்லாத நாளாப் பாத்து உங்க வீட்டுக்கு வந்துட்டேன்ப்பா, கோவிச்சுக்காத. உங்க அம்மா எம்புட்டு அழகாப் பேசுறாக! உனக்கென்ன, எல்லாம் வீட்லயே இருக்கு. எனக்குப் பொறாமையா இருக்கு."

அவளுக்கு என்மேல் பொறாமையாம்! அந்த வருடக் கார்டும் அவள் பெயருக்குத்தான் போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "அவகிட்ட எதுக்குச் சொன்ன? எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அந்தப் புள்ள பக்கத்துல வந்து உக்காந்து கேட்டுச்சு, சொன்னேன். நீ என்னைக்குலே கேட்ட?"

மறுநாள் புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டேன். ஒளித்தது நான்தான் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். எஸ்தர், இதை நான் எழுதிப் போடும் இந்தக் குரூப்பில் எங்காவது இருந்தால் திட்டிவிட்டுப் போ.

இப்போது என் மகள் அந்த ஜில்லா புத்தகத்தைப் போனிலேயே திறந்து காட்டுகிறாள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படிக்கலாமாம். எவன் எதை ஒளிக்க முடியும்? நல்லதுதான்.

ஆனால் எஸ்தரின் கட்டுரை போனில் இல்லை. போன மாதம் கல்லூரி நூலகத்துக்கு நேரிலேயே போய்க் கேட்டு வாங்கினேன். அம்மா போய்ப் பதினைந்து வருடமாகிறது. அவள் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. அவள் பேசியது பேசியபடியே இருப்பது அந்தக் கட்டுரையில் மட்டும்தான், ஆறு பக்கம்... ஊரைப் பற்றி, மலையைப் பற்றி, கல்யாணமாகி வந்த புதிதில் வழி தெரியாமல் அழுதது பற்றி. அழுத கதை எனக்குத் தெரியவே தெரியாது.

நின்றபடியே படித்து முடித்தேன். எஸ்தர்மேல் பொறாமை இன்னும் போகவில்லை. என் அம்மா பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறாளே, அவள்.