பிரேதத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், விற்பனைக்கு வைத்திருந்த சோபா ஒன்றில் உட்கார்ந்து படம் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையைக் கழற்றக்கூடாது என்பது கடைக்காரி நசீராவின் உத்தரவு. திரையில் பயங்கரமாக ஏதாவது வந்தால் சனம் நெளியும். சனம் நெளிந்தால் கடை முழுக்க கரகரவென்று சத்தம்...

ஏன், திருகோணமலையில் மண்டபமே இல்லையா? இருந்தது. அன்று காலைவரை இருந்தது.

படத்தின் பெயர் ‘ஐஸ் பெட்டி’. எடுத்தவர் நிலாவெளித் தர்ஷினி. வேலைநாளில் மருந்துக்கடை, லீவு நாளில் கமரா. கதை துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டில் நடக்கிறது. புருசன் படகில் கடத்தல் செய்கிறவன், கை நீட்டுகிறவன். ஒருநாள் மத்தியானம் மீன்முள் தொண்டையில் சிக்கிச் செத்துப்போகிறான். மனைவி யாருக்கும் சொல்லவில்லை. அவனை மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவனுடைய போனில் கூட்டாளிகளுக்கு மெசேஜ் அனுப்பித் தொழிலைத் தானே நடத்தத் தொடங்குகிறாள். நினைத்தாலே பயம் வரும் கதை. ஆனால் சிரிப்பும் வரும். அதுதான் வில்லங்கம்.

அந்த மனைவியாக நடித்தவர் என் அக்கா பத்மா.

அக்கா பாலர் பாடசாலை ரீச்சர். தர்ஷினியின் மகள் அங்கேதான் படிக்கிறாள். குரலை உயர்த்தாமலே ஒரு தகப்பனை அக்கா அதட்டியதைப் பார்த்த தர்ஷினி, அன்றே கேட்டிருக்கிறார். நான் அக்கா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அத்தான் மாரடைப்பில் போனபிறகு அக்கா எங்கள் வீட்டுக் கலியாணங்களில்கூடப் பின்வரிசைக் கதிரைதான் தேடுவார். ஆனால் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி. சமைக்கிற காட்சியில் உண்மையாகவே சமைக்க வேணுமா என்று.

படப்பிடிப்பில் ஒரு சம்பவம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா தனியே உட்கார்ந்து அழவேண்டும். கமரா ஓடுகிறது. திடீரென்று பெட்டிக்குள் இருந்த பிரேதம் தும்மிவிட்டது. அக்கா சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், ஏலவில்லை. கண்ணில் நீர் வழிய, மூடியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தர்ஷினி கமராவை நிறுத்தவில்லை. தும்மல் சத்தத்தை எடுத்துவிட்டு, சிரிப்பை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்.

விளம்பரத்துக்காக அந்தத் துண்டை முகநூலில் போட்டார்கள். அது பெரியத்தானின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

பெரியத்தான் என்றால் அத்தானின் தமையனார். கெட்ட மனிதர் அல்ல. அத்தானின் செத்தவீட்டை முன்னின்று நடத்தியவர் அவர்தான். அதன்பிறகு அக்கா என்ன நிறத்தில் சீலை கட்டலாம், எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதையும் அவரே முன்னின்று நடத்தத் தொடங்கியதுதான் பிரச்சினை. படம் காட்ட முதல்நாள், சனிக்கிழமை, என் வீட்டுக்கு வந்தார். புருசனைப் பறிகொடுத்த மனுசி பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து சிரித்தால் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார். அந்தக் கட்டத்தை வெட்டினால் போதும், மிச்சப் படத்தை அவர்கள் தாராளமாகக் காட்டலாமாம். நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்பதால் அக்கா என் பேச்சைக் கேட்பாராம்.

என் பேச்சை என் வீட்டுப் பூனையே கேட்பதில்லை. ஆனாலும் போனேன்.

அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பெரியத்தான் சொன்னதைச் சொன்னேன். துருவலை நிறுத்தாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“நான் அழுத நேரம் எல்லாரும் வந்து பார்த்தவை. சிரிக்கிறதையும் வந்து பார்க்கட்டும்.”

அவ்வளவுதான். பெரியத்தானுக்குப் போன் எடுத்து, வெட்ட மாட்டார்களாம் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை மண்டபக்காரர் தர்ஷினியை அழைத்து, கரண்ட் வேலை நடக்கிறது, மண்டபம் தர ஏலாது என்றார். பெரியத்தானும் அவரும் சின்ன வயதுக் கூட்டாளிகள் என்பது ஊருக்கே தெரியும். தர்ஷினி அழத் தொடங்கிவிட்டார். அக்கா அழவில்லை. கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை ரவுணில் தளபாடக்கடை நடத்தும் தன் சினேகிதி நசீராவுக்குப் போன் போட்டார். நசீரா அலுமாரிகளைச் சுவரோரம் தள்ளி, ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். கட்டில் மெத்தைகளில்கூட ஆட்கள்.

படம் தொடங்கும் நேரத்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். பெரியத்தான்.

நிறுத்தச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நசீரா போய், இருங்கோ என்று ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரையைக் காட்டினார். அவர் இருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். எழுந்து பின்னுக்குப் போகவில்லை. முன்வரிசையிலேயே இருந்தார். அரக்கு நிறச் சீலை.

அந்தக் கட்டம் வந்தது. திரையில் அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் ஒருவரும் அசையவில்லை. எல்லோருக்கும் பெரியத்தான் இருப்பது தெரியும். சிரிப்பு நீண்டது. சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் — அவரும் புருசனை இழந்தவர்தான் — சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு தலைப்பை எடுத்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் தொடங்க, கடையே சிரித்தது. பிளாஸ்டிக் உறைச் சத்தம் காதில் விழவேயில்லை. திரையில் அக்காவின் சிரிப்பு மெல்ல மெல்ல ஓய்ந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்தபோது, அதே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

படம் முடிந்ததும் பெரியத்தான் அக்காவிடம் வந்தார்.

“என்ர தம்பியை நினைச்சாவது அதை வெட்டியிருக்கலாம், பத்மா.”

“உங்கட தம்பியை நினைச்சுத்தான் வெட்ட விடேல்லை, பெரியத்தான். என்னை அப்பிடிச் சிரிக்க வைச்சவர் அவர் ஒராள்தான். அவர் போனாப்பிறகு படம் எடுத்த அண்டைக்குத்தான் திரும்பச் சிரிச்சனான்.”

பெரியத்தானின் முகம் ஒரு கணம் தடுமாறியது. நசீரா நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல் போய்விட்டார். இன்றுவரை அக்காவோடு கதையில்லை. என்னோடும் இல்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு எங்கள் இரண்டு வீட்டையும் கூப்பிடவில்லை. அக்காவுக்கு அது வருத்தம்தான். இல்லையென்று நான் எழுதினால் பொய். ஆனால் அந்தக் கட்டம் படத்தில் அப்படியே இருக்கிறது.

அழுவதற்கு எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டையும் கடலும் போதுமான பயிற்சி தந்துவிட்டன. ஆனால் அழுகை எப்போது முடியலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார், யாருக்குக் கொடுத்தது? அதுவும் பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காவல்? புருசன் செத்தவள் சிரித்தால் செத்தவனுக்கு அவமரியாதையாம். அந்தச் செத்த மனிதரிடம் யாராவது கேட்டார்களா? என் அத்தானை எனக்குத் தெரியும். செத்தவீட்டிலும் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற ஆள்.

இன்னொரு சேதி. தர்ஷினி அடுத்த கதையை எழுதத் தொடங்கிவிட்டார். அதில் அக்காதான் கொலைகாரி. புருசனின் தமையனைக் கொல்கிறாராம்.

பெரியத்தானுக்கு நான் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்.