ஆறாத களைப்பு

கண்ணிவெடியில் போன என் வலது காலுக்குப் பதிலாக நான் போட்டிருக்கும் செயற்கைக் காலில், தண்டுப் பகுதியையும் பாதத்தையும் பொருத்துகிற உலோகத் துண்டு ஒன்று உண்டு. முன்பு போட்டிருந்தது பாரமான பழைய வகை. போன வருடம் கால் பொருத்தும் நிலையத்தில் அதை மாற்றி, உலோகத் தூளை லேசரால் உருக்கிப் படை படையாக அச்சிட்ட துண்டைப் பூட்டினார்கள். பாரமே தெரியவில்லை. பெரியமடு வயல் வரம்பில் பழையபடி நடந்தேன்.

களை பிடுங்கும் நாட்களில் அது உடைந்தது. குப்புறச் சேற்றில் விழுந்தேன். நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளை, உலோகமும் நடந்து நடந்து களைக்கும் என்று சொல்லி, அதே மாதிரி இன்னொன்றைப் பூட்டினாள்.

களைத்ததற்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். மத்தியானங்களில் காலைக் கழற்றிக் கதிரையில் தலையணை வைத்துக் கிடத்தினேன். கோயிலுக்கும் போகாமல், நடையை வயலுக்கென்று மிச்சம்பிடித்தேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட கால் நித்திரையால எழும்பிட்டுதோ?" என்று மனைவி கேட்பாள்.

விதைப்புக்கு முன் நிலையத்தில் காட்டப் போனபோது இரண்டாவதிலும் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்தப் பிள்ளை முதலில் உடைந்த துண்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினாள். உள்ளே ஊசி குத்தியது போல ஒரு துளை. தூள் அந்த இடத்தில் சரியாக உருகவில்லையாம். துளையைச் சுற்றி வளையம் வளையமாக வெடிப்பு வளர்ந்த தடம்.

"நான் ஒவ்வொரு நாளும் கழட்டி ஆறவிட்டனான், பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"அது எங்கட களைப்பு மாதிரி இல்லை ஐயா. ஆறாது. செய்த அண்டைக்கே ஓட்டை உள்ளுக்க இருந்திருக்கு."

மூன்றாவதைப் பூட்டும்போது, இதிலும் ஓட்டை இருக்குமோ என்று கேட்டேன். வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே பார்க்கிற இயந்திரம் இங்கே இல்லை என்றாள். பழைய வகை இப்போது வருவதும் இல்லை.

"வீட்டுக்குள்ள நடவுங்கோ. சேத்துக்குள்ள இறங்காதேங்கோ."

வயலைப் பக்கத்து வளவுக்காரரிடம் குத்தகைக்குக் கொடுத்தோம். அவருடன் மனைவிதான் பேசினாள். மழை விழுந்தது. விதைத்து முடிந்ததா என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். முடிந்தது என்றாள்.