முட்டிக்கு எடுத்த படம்

உடைந்த காலோடு யாராலும் நடக்க முடியாது என்று எங்கள் குடும்பம் நம்பியது. என் கணவர் நடந்தார். ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொண்டோம். நான் நிறைய வாசிக்கிறவள். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு.

வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சிங்கவரம் சாலையில் உளுந்துச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். அதில் எங்கள் மொபெட் வழுக்கியது. இருவரும் வலப்பக்கமாக விழுந்தோம். கையை ஊன்றியதில் எனக்கு ஆர எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு) மணிக்கட்டருகே முறிந்தது. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வண்டியை நிமிர்த்தினார்.

செஞ்சியில் எலும்பு மருத்துவர் என் கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்களுக்கு அடி படலியா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா சார், நடந்துதான வந்தேன். இவளப் பாருங்க, ஒன்றரை மாசம் பாத்திரம் கழுவாம தப்பிச்சிட்டா."

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன்பின் என் கணவர்தான் எனக்குத் தலை பின்னினார். சோறு பிசைந்து ஊட்டினார். கடைத்தெருவிலிருந்த எங்கள் பாத்திரக் கடையையும் நாள் தவறாமல் திறந்தார். உட்கார்ந்து எழும்போது வலது தொடையைக் கையால் தூக்கி நகர்த்துவதைக் கண்டேன். கேட்டால் முழங்காலைக் காட்டுவார். எங்கள் மகள் மங்கை அங்கே தைலம் தேய்த்தாள்.

"நைனா, டாக்டராண்ட ஒரு தபா காட்டலாம் வா."

"முட்டி வலிக்கு டாக்டரா? படம் எடுத்தா தெரிஞ்சிடப் போவுது."

எங்கள் ஊரில் பலரும் செய்வதையே அவரும் செய்தார். மருத்துவரைப் பார்க்காமல் நேரே எக்ஸ்ரே எடுக்குமிடத்துக்குப் போய், "முட்டிக்கு ஒண்ணு எடுப்பா" என்றார். எடுப்பவர் எங்கள் கடை வாடிக்கையாளர். கேட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தார். படத்தில் முழங்கால் ஒரு குறையுமின்றி இருந்தது. அன்று வீட்டில் கேசரி கிளறினோம்.

இடுப்பு மூட்டு முறிந்தால் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும் என்பதைப் பின்னரே அறிந்தேன். விழுந்த அன்றே அவருடைய தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக் குழியில் சுழலும் பந்துக்குக் கீழுள்ள குறுகலான பகுதி) முறிந்திருந்தது. முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றதால் நடக்க முடிந்தது. பத்தொன்பதாம் நாள் கடையிலிருந்து இறங்குகையில் அவை விலகின. அவர் கத்தவில்லை. படியிலேயே உட்கார்ந்து, "காலு என்னுது மாதிரியே இல்ல" என்றாராம்.

விழுப்புரத்தில் அறுவை செய்து செயற்கைப் பந்து பொருத்தினார்கள். ஆறாம் நாள் காலை என் கட்டைத் தடவி, "அரிக்குதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரல் தக்கையடைப்பு (காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தல்). பகல் உணவு வரும்போது கட்டில் காலியாக இருந்தது.

"அன்னைக்கே அவரையும் பாத்திருந்தா?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன்.

"திருகாணி போட்டு நிறுத்தியிருப்போம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. ரத்தம் உறையறது அப்பவும் வரலாம்."

அந்த நேர்மைக்கு நான் நன்றியுடையவள். ஆனால் அதனால் எதுவும் முடிந்துபோகவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இருவர் விழுந்தால் இருவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தைப் படமெடுப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் என் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே மெலிந்து, தோல் உரிந்து, ஒரு கை இருந்தது. நாங்களெல்லாம் துக்கத்தின் வழியே நடந்து வந்திருந்தோம். அந்தக் கை மட்டும் அவர் இருந்த நாட்களிலிருந்து நேராக வந்திறங்கியதுபோல் இருந்தது. அதற்கு இன்னும் யாரும் செய்தி சொல்லவில்லை என்று தோன்றியது.

இப்போது பிடிமானம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. குளிர்ந்த காலைகளில் மணிக்கட்டு வலிக்கும்போது, இது எந்த நாள் என்று ஒரு கணம் தெரிவதில்லை. கூடத்தில் யாரோ ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பது கேட்கும். மங்கையும் தலை நிமிர்ந்து பார்ப்பாள்.

வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்.