ஆந்தையனுக்கு ஒரு குரல்

ஆளில்லாத வீட்டின் கேற்றைத் தட்டி, "வீட்டுக்காரர்!" என்று ஒரு குரல் கொடுத்து, உள்ளேயிருந்து யாராவது "வாங்கோ" என்று சொல்லக்கூடிய அளவுக்குப் பொறுத்து நின்ற பிறகுதான் குகதாசன் உள்ளே போய் மின்சார மீற்றரைப் பார்ப்பார். சொந்தக்காரர் பாரிசில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். நாய்கூட இல்லாத வளவு என்பதும் தெரியும். பிறகு ஏன் தட்டுகிறார் என்று கேட்டேன். "தட்டாமப் போனா ஆரோ பின்னால நிண்டு பாக்கிறமாதிரிக் கிடக்கும். தட்டிப்போட்டுப் போனா ஒரு கரைச்சலும் இல்லை," என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டைக் கடக்கும்போது நானும் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறேன்.

முள்ளியவளைப் பக்கம் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருகிற இந்த மனிதருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. ஹெல்மெற்றின் வார் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டில் ஒன்று எழுதாது. பூட்டிய வீடுகளிலும் மீற்றர் கொஞ்சம் ஓடும் என்கிறார். சாமியறை பல்ப் ஒன்றை யாராவது அணைக்க மறந்திருப்பார்கள். ஆனால் மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டுப் போன வீடு ஒன்றிலும் ஓடுகிறதாம். எந்த வீடு என்று எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. "சொன்னா பிறகு அதை ஆர் வாங்குவினம்?"

இவருடைய உண்மையான சொத்து தொண்டைதான். பார்த்தால் பல்லி போல இருக்கிறவர், வாயைத் திறந்தால் முதலை வரும், கிழவி வரும், சுங்க அதிகாரி வருவார், தாகமெடுத்த மாடு வரும். இந்தத் தொண்டை ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் உள்ள றஸ்மியின் விதை, உரக்கடைக்குப் பின்னாலிருக்கும் களஞ்சிய அறையில் வேலை செய்கிறது. யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, நாலைந்து கதிரைகள், ஒரு காற்றாடி. அங்கே பல வருடங்களாக ஒரு விளையாட்டு நடக்கிறது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்ப இதைச் செய்யிறன்" என்று சொல்லுவார்கள். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். எது எப்படி நடக்கவேண்டும் என்பதற்குத் தடித்த சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. கதை சொல்லுகிறவர் குகதாசன்.

வளர்ந்த மனிதர்களுக்கு வேறு வேலையில்லையா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்தேன். கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது தெரியவில்லை.

கதை இதுதான். ஒரு குளக்கட்டு. இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் தண்ணீர். மறுகரையை யாரும் கண்டதில்லை. கட்டு எங்கே முடிகிறது என்றும் தெரியாது. அதன் வழியே ஒரு கூட்டம் நடந்துகொண்டேயிருக்கிறது. றஸ்மி அதில் செம்பன் என்ற வாள்வீரன். குடும்பநல மாதுவாக வேலை பார்க்கும், ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடும் சிவரூபி அதில் ஒரு கொள்ளைக்காரி. "கிழமை முழுக்கப் பிள்ளைப்பேறு பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமையெண்டாலும் நாலு பேரை வெட்டவேணும்," என்பது அவருடைய நியாயம்.

கட்டில் செத்தவர்களும் எதிர்ப்படுவார்கள். அப்போது குகதாசன் செய்வதைக் கேட்டால் உங்களுக்கும் கழுத்தில் மயிர் நிற்கும். நாம் எல்லோரும் மூச்சை வெளியே விட்டுத்தான் பேசுகிறோம். குகதாசனின் செத்தவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்கள். சொற்கள் வாயிலிருந்து வெளியே வராமல் உள்ளே போய்க்கொண்டிருப்பது போலிருக்கும். நல்ல வெயில் நேரத்தில், லொறிச் சத்தத்துக்கு நடுவிலும், அதைக் கேட்டு நான் கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டுக்கொண்டேன். சிவரூபி முகத்தைச் சுளித்தார். "பிறந்த பிள்ளை முதல்ல இழுக்கிற மூச்சு அது. அதில சொல்லு வரக்கூடாது, குகன்."

மேசையில் இன்னொருவரும் இருப்பார். சுரேகா. அவர் விளையாடுவதில்லை, கட்டையை மட்டும் உருட்டுவார். அவருடைய கணவர் ஜனகன் இந்தக் கூட்டத்தின் முதல் ஆட்களில் ஒருவர். ஆந்தையன் என்ற வேவுக்காரன் அவருடைய பாத்திரம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஜனகன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினார். படகு போய்ச் சேர்ந்ததென்றும் தகவல் இல்லை, மூழ்கியதென்றும் தகவல் இல்லை.

பழைய சட்டப் புத்தகத்தில் இதற்கு ஓர் இடம் இருந்தது. ஆட்டக்காரர் வராவிட்டால் அவருடைய பாத்திரம் நிழலாகக் கூட்டத்தின் பின்னால் நடக்கலாம். பேசாது, எதையும் தீர்மானிக்காது. ஆபத்து வந்தால் மட்டும் அதற்காக யாராவது கட்டை உருட்டவேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் வராதவர்களுக்காக எழுதிய சட்டம். இவர்கள் அதை வைத்துக்கொண்டு ஆந்தையனை இத்தனை வருடம் நடத்திவந்துவிட்டார்கள். சுரேகா ஞாயிறு தவறாமல் வந்து அவருக்காக உருட்டினார். முதலை வந்தது, வெள்ளம் வந்தது, கட்டு உடைந்தது. செம்பன்கூட இரண்டு தரம் சாகக் கிடந்தான். ஆந்தையனுக்கு ஒருநாளும் கட்டை பிழையாக விழுந்ததில்லை. றஸ்மி அந்தக் கட்டையைத் தொடமாட்டார். கை தவறி அவர் பக்கம் உருண்டு வந்தாலும் ஒரு பேப்பர்த் துண்டால்தான் தள்ளிவிடுவார்.

போன மாரியில் பழைய புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது. அட்டையைத் திறந்தால் பாதிப் பக்கம் மண். சண்டைச் சட்டம் முழுவதும் போய்விட்டதால் கதைச் சண்டையை ஞாபகத்தை வைத்து நடத்தப்போய், அது நிசமான சண்டையாகியது. நோர்வேயிலிருக்கும் சிவரூபியின் தமக்கை புதிய புத்தகம் அனுப்பினார். ஆனால் அது புதிய பதிப்பு. சட்டங்கள் தலைகீழ். புதுக் கதை தொடங்கினால் சுகமாக முடிந்திருக்கும். குகதாசன் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டில நடக்கிற சனத்தை அந்தரத்தில விட்டிட்டுப் போறேல்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் போறது," என்றார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு பாத்திரமாகப் புதிய கணக்குக்கு மாற்றினார். செம்பனுக்கு வாள்வீச்சு குறைந்து பேச்சுத்திறன் கூடியது. "வாளைப் பறிச்சுப்போட்டு வாயைத் தந்திருக்கிறாங்கள். நான் கடையில கதைக்கிறது காணாதோ?" என்று றஸ்மி முறைப்பட்டார்.

ஆந்தையனிடம் வந்ததும் வேலை நின்றுவிட்டது. புதிய பதிப்பில் நிழல் இல்லை. ஆட்டக்காரர் இல்லாத பாத்திரம் சாகவேண்டும், அல்லது வேறொருவர் கைக்குப் போகவேண்டும், அல்லது கதை சொல்லுகிறவரே அதை எடுத்து அதற்குக் குரல் கொடுக்கவேண்டும். அந்த ஒரு சட்டத்தை மட்டும் பழையபடி வைத்திருப்போம் என்று றஸ்மி சொன்னார். சுரேகாதான் வேண்டாம் என்றார்.

"எத்தினை வருசத்துக்கு, றஸ்மி நானா, அவர் வாய் பேசாமப் பின்னால நடப்பார்?"

"அப்ப நீங்களே எடுங்கோ தங்கச்சி."

"மாட்டன். அவற்ற வாயால நான் கதைக்க ஏலாது. குகன் அண்ணை எடுக்கட்டும்." பிறகு குகதாசனைப் பார்த்து, உப்புக் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில அவரைச் செத்தவராக் கணக்கெடுத்து அந்தியேட்டிக் கிரியை செய்து முடிப்பம் எண்டு மாமி ஒற்றைக்காலில நிக்கிறா. நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் அவருக்குச் செத்தவையின்ர குரலைக் குடுத்தியள் எண்டா, நான் ஓம் எண்டுவன்."

குகதாசன் ஏதோ யோசித்தவர் போல எழுதாத பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டு மீற்றர் பார்க்க வந்தபோது நானே கேட்டேன். கேற்றில் சாய்ந்து நின்று, ஹெல்மெற்றைக் கழற்றாமல் சொன்னார்: "செத்தவனுக்குக் குரல் குடுக்கலாம். உயிரோட இருக்கிறவனுக்கும் குடுக்கலாம். இவன் ரெண்டும் இல்லாத ஆள். எந்த மூச்சில கதைக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?" "நீங்கள் என்ன நினைக்கிறியள்? ஜனகன் இருக்கிறாரோ?" என்று கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது முதல் உதையிலேயே இயங்கத் தொடங்கியது. அடுத்த வீட்டுக் கேற்றுக்குப் போய்விட்டார்.

மாற்றத்தைப் புத்தகத்தில் செய்து முடித்தால் போதாது, கதைக்குள்ளும் நடக்கவேண்டும் என்பது குகதாசனின் கட்டளை. ஆனி முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிறு. நானும் போயிருந்தேன். நடந்து நடந்து கூட்டம் ஒரு துருசுக்கு வந்து சேர்ந்தது. குளத்து நீரைத் திறந்துவிடுகிற அந்த மதகின் மேல் ஒரு கதவு. கதவின் முன்னால் காவல்காரன் ஒருவன். இந்தப் பக்கம் பழைய சட்டம், அந்தப் பக்கம் புதிய சட்டம். ஒவ்வொருவராக வரிசையில் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, கடந்து போகவேண்டும்.

"இறங்கு," என்றார் குகதாசன், காவல்காரனின் குரலில். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து நிற்கிறவர்களுடைய, கட்டையான, அலுத்துப்போன குரல். "ஒவ்வொருத்தரா வா. பேர்?"

சிவரூபியின் கை தானாகவே கைப்பைக்குள் போனது. அடையாள அட்டையை வெளியே எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் தான் செய்ததை அவரே கண்டார். றஸ்மி சிரிக்கத் தொடங்கினார். அவருடைய கையும் சட்டைப் பையில்தான் இருந்தது. இந்த ஊரில் வரிசை என்றால் வேறென்ன செய்வது? நான் என் பையைத் தொட்டுப் பார்த்ததை எவரும் கவனிக்கவில்லை.

செம்பன் கடந்தான். கொள்ளைக்காரி கடந்தாள்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டான் காவல்காரன். "பின்னால நிக்கிறது ஆர்?"

சுரேகா நிமிர்ந்து இருந்தார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் சற்றுக் கரைந்திருந்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, குகதாசனின் வாயையே பார்த்தார். றஸ்மி எழுந்து காற்றாடியை நிறுத்தினார். அதுவரை அது இவ்வளவு சத்தம் போட்டது எங்களுக்குத் தெரியவில்லை.

குகதாசன் வாயைத் திறந்தார். நெஞ்சு ஏறியது. மூச்சு உள்ளே போகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது போய்க்கொண்டேயிருந்தது. அதில் ஒரு சொல் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டேன்.

மூச்சு நின்றது. பிறகு வெளியே வந்தது.

"ஆந்தையன்."

நான் கண்ணைத் திறந்தேன். முதலையும் கிழவியும் பேசிய வாய்தான். ஆனால் இந்தக் குரலை அதில் நான் கேட்டதில்லை. இளமையான, அவசரமில்லாத, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். ஜனகனை நான் பார்த்ததில்லை. சிவரூபி பார்த்தவர்; அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்கயிருந்து வாறாய்?" காவல்காரன்.

"இவையளுக்குப் பின்னால."

"தனியவோ?"

"இல்லை. கண்ணுக்குத் தெரியிற தூரத்திலதான்."

சுரேகா குறுக்கிட்டார். கதையில் அவருக்குப் பாத்திரமே கிடையாது, பேச உரிமையில்லை. ஆனாலும் கேட்டார். "ஏன் இவ்வளவு நாளும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை?"

குகதாசன் அவர் பக்கம் திரும்பவில்லை. பதில் மட்டும் வந்தது.

"இருட்டில கதைச்சா நிக்கிற இடம் தெரிஞ்சுபோம்."

சுரேகாவின் கை வாய்க்குப் போனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். "அவர்தான்," என்றார். "இடம்பெயர்ந்து போகேக்க ராவில நான் வாய் திறந்தா இதைத்தான் சொல்லுவார். மிஸ்ஸி, அவர்தான்." சிவரூபி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். றஸ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கதவைத் திற காவல்காரா," என்று அதட்டினார். கதவு திறந்தது. ஆந்தையன் புதிய சட்டத்துக்குள் கடந்து போனான். சுரேகா புதிய கணக்குத் தாளை இழுத்து, அவன் பெயரைத் தன் கையால் எழுதினார்.

குகதாசன் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். தேத்தண்ணி மேசையிலேயே இருந்தது. சற்றுப் பொறுத்து நானும் பின்கதவால் போனேன்.

அவர் பின்வளவுக் கிணற்றடியில் நின்றார். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை, பேனாக்கள்கூடப் பையிலேயே இருந்தன. செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் வாசற்படி ஏறுமுன் முழுகுவது போல, உடுத்த உடுப்போடு, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். உள்ளே சுரேகா தொலைபேசியில் சத்தமாகப் பேசுவது கேட்டது: "மாமி, கீரிமலைக்கு ஒருத்தரும் போகத் தேவையில்லை."

குகதாசன் அதைக் கேட்டார். வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டார்.