கறுப்பாக அச்சான அறை

அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சுற்றிலும் முக்கால்வாசி கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு முற்றம், ஒரு கிணறு, வளைந்து ஏறும் படிக்கட்டு. லாஸ்பேட்டை பிரௌசிங் சென்டரில் அதை அச்செடுத்தபோது கடைக்கார அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒரு மாசத்து மையை ஒரே பேப்பர்ல ஊத்திட்டியே" என்றார்.

அது ஒரு விளையாட்டின் வரைபடம். அப்பா பேச்சை மீறி பிரான்சுக்குப் போன அண்ணன், ஞாயிறு மதியங்களில் அங்கிருந்தபடியே இணையத்தில் அதை நடத்துவான். நானும் என் கல்லூரித் தோழிகள் இருவரும் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்த வீரர்கள். கோட்டை முழுவதையும் வரைந்து, மேலே கறுப்பால் மூடி வைத்திருப்பான். எங்கள் காய்கள் போகும் இடம் மட்டும் திறக்கும். ஒரு கதவைத் தள்ளினேன் என்று எழுதினால்தான் பின்னால் இருப்பது தெரியும். தோழிகள் கோட்டையில் ஒளிந்திருந்த பூதத்தைத் தேடினார்கள்; எனக்கு அண்ணனோடு இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். வீட்டில் அவன் பேச்சையே எடுக்க முடியாது. "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்பாவும் அவன் அறையைச் சாத்தினார். அம்மா இல்லாத வீட்டில் சமாதானம் செய்ய ஆள் இல்லை.

நாலைந்து வாரம் சுற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கிணறு, இடப்பக்கம் சமையலறை, தலையில் இடிக்கும் படிக்கட்டு. நெல்லித்தோப்பில் உள்ள எங்கள் வீட்டைத்தான் கோட்டையாக்கி வைத்திருந்தான் கள்ளன். படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அது அவனுடைய அறை. எத்தனை முறை தள்ளினாலும் "பூட்டியிருக்கு" என்றே பதில் வந்தது. ஒருநாள் தோழிகள் சென்டரிலிருந்து கிளம்பிய பிறகு, "உள்ள என்னதான்ணா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா. அதான் அத மட்டும் வரையல" என்று எழுதினான். அன்றுதான் தாளை அச்செடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதை அப்பா முன்னால் விரித்து, அறைச் சாவியைக் கேட்டேன். அப்பா தாளில் இருந்த கிணற்றையும் படிக்கட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "பூட்டுனது யாரு? சும்மா சாத்திதான் வெச்சிருக்கேன். தள்ளிப் பாக்கத்தான் ஒருத்தருக்கும் தோணல" என்றார்.

தள்ளியதும் திறந்துகொண்டது. கட்டிலில் துவைத்த விரிப்பு; மேசையில் துளி தூசி இல்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பாவே பெருக்கித் துடைத்து வந்திருக்கிறார். விளையாட்டில் ஒரு கதவு விடாமல் தட்டியவள், வீட்டில் இரண்டு வருடமாக அந்தக் கதவை ஒதுங்கியே கடந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, அறையில் இருப்பதை நான் சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். அப்பா சொன்னதையும் அப்படியே எழுதினேன். பிறகு திரையில் அந்தக் கறுப்பு மெல்ல விலகியது. "லீவு கேட்டுப் பாக்குறேன்" என்று மட்டும் எழுதினான். அந்த வருடமே வந்தான். வாசப்படியை மிதித்தவனிடம் அப்பா "சாப்ட்டியா" என்றார், அவ்வளவுதான்.

அப்பா இப்போது இல்லை. அண்ணன் ஊருக்கு வந்தால் அந்த அறையில்தான் படுக்கிறான், கதவை விரியத் திறந்துபோட்டு, வீடே அதிரும் குறட்டையோடு. தாளில் மட்டும் அந்த அறை இன்னும் கறுப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் இல்லாத நேரத்தில் அதற்குள் துடைப்பத்தோடு நிற்கும் அப்பாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.