பதினைந்து வினாடிப் பச்சை

காஜாக்காவுக்கு வயது அறுபத்தொன்று. சட்டையில் பட்டன் நுழையும் துளையை நூலால் கட்டுவதற்குக் காஜா எடுத்தல் என்று பெயர். சந்திப்பு மூலையில் இருக்கும் தையல் கடையில் பதினொரு ஆண்டு நான்கு மாதமாக அவருக்கு அதுதான் வேலை. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

அவருடைய வலது முட்டி இரண்டு ஆண்டாகச் சரியில்லை. இது கடை மாஸ்டருக்குத் தெரியக் கூடாது. இடுப்பு பிடித்துக்கொண்ட இஸ்திரிக்காரரை, "முடியாதவங்களுக்கு வீடுதான் இடம்" என்று சொல்லி மாஸ்டர் அனுப்பியதைக் காஜாக்கா நேரில் பார்த்திருந்தார். மாஸ்டர் ஒன்பதுக்கு வருவார். காஜாக்கா எட்டே முக்காலுக்கே சாலையைக் கடந்து நாற்காலியில் அமர்ந்துவிடுவார். மத்தியானச் சாப்பாடும் அங்கேயே. மாலையில் மாஸ்டர் போன பிறகுதான் எழுந்திருப்பார்.

சாலை பதினைந்து மீட்டர் அகலம். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு பதினைந்து வினாடி. காஜாக்காவுக்குத் தேவை இருபத்து மூன்று. மீதி எட்டு வினாடியும் லாரி ஹாரனோடு கழியும்.

சீருடையில் காஜா பெரிதாகிவிட்டது என்று சண்டை போட வந்த, கண்ணாடி போட்ட பள்ளி மாணவியிடம் ஒருநாள் இதைச் சொல்லிவிட்டார். அவள் பள்ளியில் அந்த ஆண்டு புது விதி வந்திருந்தது. கணக்கிலும் அறிவியலிலும் படித்ததைக் கொண்டு ஊருக்கு ஓர் உதவி செய்தால் மதிப்பெண். ஒரு குழு குழாய்த் தண்ணீரைச் சோதித்தது. இன்னொன்று குப்பையை எடை போட்டது. கண்ணாடிக்காரியும் மூன்று தோழிகளும் முதியவர்களின் நடையை அளந்து, சராசரி எடுத்து, போக்குவரத்துப் பொறியாளரிடம் கொடுத்து, பச்சையை நீட்டிக்கச் சொல்வது என்று முடிவு செய்தார்கள்.

"திங்கக்கிழமை எட்டரைக்கு வரோம் ஆன்ட்டி" என்று முன்கூட்டியே சொன்னாள். பிழை அங்கேதான் நேர்ந்தது.

"புள்ளைங்க நம்ம நடைய அளக்க வராங்களாம். மானத்த வாங்கிடாதீங்க" என்று ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் காஜாக்காதான்.

என்னையும் சேர்த்துத் தெருவின் முதியவர்கள் பன்னிரண்டு பேர் நடந்தோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஊன்றுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். மருந்துக்கடைக்காரரின் மாமியார் கடந்த வேகத்தைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் கவலைப்பட்டார். எனக்கு ஆனது 11.2 வினாடி. அதன்பின் இரண்டு நாள் படுக்கை. காஜாக்கா முட்டியில் தைலம் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு 12.5 வினாடியில் கடந்தார். சராசரி 11.8.

வியாழக்கிழமை மாஸ்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரி கடைக்கு வந்தாள். நான் சட்டை வாங்கப் போயிருந்தேன்.

"மூணு செகண்ட் மிச்சமா இருக்காம் ஆன்ட்டி. பன்னெண்டாக் குறைச்சிடறேன்னு இன்ஜினியர் சார் சொல்லிட்டாரு. ரொம்ப நன்றின்னு வேற சொன்னாரு."

காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "பாப்பா, அது என் நடை இல்ல."

"அப்ப யாரோட நடை?"

"அன்னிக்கு மட்டும் வந்த நடை."

கணக்கு டீச்சரிடம் விஷயம் போனது. "அளக்கறாங்கன்னு தெரிஞ்சா ஆளு மாறிடுவாங்க. அது ஏழாம் பாடம். நீங்க அஞ்சாம் பாடத்துல நிக்கறீங்க" என்று மட்டும் சொன்னாராம். மறுபடி அளக்கப் பொறியாளர் சம்மதித்தார். ஆனால் தானே நேரில் பார்ப்பேன் என்றார். சனிக்கிழமை, காலை பத்து மணி.

பத்து மணிக்கு மாஸ்டர் சாலையைப் பார்த்த மேசையருகே நின்று துணி வெட்டிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, நான் மட்டும் நடக்கலன்னா?" என்று காஜாக்கா என்னிடம் கேட்டார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அப்புறம் பன்னெண்டு செகண்ட்தான்."

"பன்னெண்டுன்னா நான் கடைக்கே வர முடியாது."

"முடியாது."

"வந்து காட்டினா மாஸ்டரே வேணாம்பாரு."



சனிக்கிழமை, காலையில் வங்கிக்குப் போக வேண்டும் என்று மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, காஜாக்கா பத்து மணிக்குச் சாலையோரம் வந்து நின்றார். தைலம் இல்லை, கட்டு இல்லை. தபால்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். காஜாக்கா கடைசியாக இறங்கினார். பாதி தாண்டிச் சற்று நடந்ததும் விளக்கு சிவப்பானது. இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் அவசரப்படவில்லை. 23.4 வினாடி. எதிரே மாஸ்டர் கத்தரிக்கோலை வாய் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பொறியாளர் கணக்குப் போட்டார். "சரி, இருபது."

"எனக்கு இருபத்து மூணு ஆச்சே சார்."

"சராசரிம்மா."

அதன்பின் கடையில் நடந்ததைப் பக்கத்து மெஷின்காரர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். மாஸ்டர் ஒரு மணி வரை துணி வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு வர வேணாம்" என்றார். காஜாக்காவின் ஊசி நின்றது.

"மாஸ்டர், கைக்கு ஒண்ணும் இல்ல. காஜா கையாலதான..."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் மாஸ்டர், துணியிலிருந்து தலை நிமிராமல். "திங்கக்கிழமை ஒம்பதரைக்கு வாங்க. லாரி கம்மியா இருக்கும். எட்டே முக்காலுக்கு வந்து இங்க யாருக்குக் காஜா எடுக்கறீங்க?"

விளக்கு இருபது வினாடியாக நாற்பத்தோரு நாள் பிடித்தது. ஒன்பதரை அந்தத் திங்கட்கிழமையே நடப்புக்கு வந்தது.